முதலில் கொப்பு, பிறகு குருவி: வீட்டு வளவுக்குள் பறவைப் படம் எடுக்கும் வழி

கமரா வாங்கின முதல் ஆறு மாதமும் நான் குருவிக்குப் பின்னால் ஓடினேன். மாமரத்தில் மாங்குயில் சத்தம் கேட்டால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டம், நான் போய்ச் சேர அது பக்கத்து வளவுத் தென்னைக்குப் போயிருக்கும், நான் வேலிக்குப் போக அது திரும்ப மாமரத்துக்கு வந்திருக்கும். கிடைத்த படங்களில் பாதி வால், மீதி இலை. ஒரு நாள் அலுத்துப்போய்க் குசினி வாசற்படியில் குந்தியிருந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். கிணற்றடியில் துணிக்கொடி கட்ட நட்டிருந்த தடியின் நுனிக்கு, அந்தப் பத்து நிமிடத்துக்குள், ஒரு குண்டுகரிச்சான் நாலு தரம் வந்து இருந்துவிட்டுப் போனது. அதே நுனி, அதே பக்கம் பார்த்தபடி. கறுப்பும் வெள்ளையுமாக, வாலை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, "என்ன மகன், இன்றைக்கு ஓடவில்லையா" என்று கேட்பது போல.

அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டேன். குருவி எங்கே வந்து இருக்க வேண்டும் என்பதை நாம் முடிவு செய்து, அந்தக் கொப்பையும் வெளிச்சத்தையும் பின்புறத்தையும் சரிப்படுத்திவிட்டு, ஆறுதலாக உட்கார்ந்திருந்தால் போதும். கிழக்கிலங்கையில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வளவுகளுக்கு இது இன்னும் சுலபம், ஏனென்றால் தென்னை, மா, முருங்கை, வாழை, வேலியில் பூவரசு, வாசலில் செவ்வரத்தை என்று எல்லாம் ஏற்கெனவே நிற்கிறது. காடு தேடிக் குமணைப் பறவைகள் சரணாலயத்துக்குப் போகத் தேவையில்லை. போகக் கிடைத்தால் போங்கள், அது வேறு விசயம்.

முதல் மூன்று நாள் கமராவைத் தொடாதீர்கள்

உண்மையாகத்தான் சொல்கிறேன். காலை ஆறிலிருந்து ஏழரை வரை ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருங்கள், ஒரு பழைய கொப்பியில் எழுதுங்கள்: எந்தக் குருவி, எத்தனை மணிக்கு, எந்தக் கொப்பில். மூன்று நாளில் ஒரு ஒழுங்கு தெரியும். எங்கள் வளவில் குண்டுகரிச்சான் விடிய முன்னமே பாடத் தொடங்கும், ஆறரைக்குப் பிறகு நிலத்துக்கு இறங்கிப் பூச்சி பிடிக்கும். தேன்சிட்டு ஏழு மணிக்குச் செவ்வரத்தைக்கு வரும், பிறகு வாழைப்பொத்திக்கு, மறுகா திரும்பச் செவ்வரத்தைக்கு. சந்தைக்குப் போகிறவர் கடை கடையாக ஏறி இறங்குவது போல ஒரே சுற்று. கொண்டைக்குருவிகள் சோடியாகப் பப்பாசிக்கு. ஜாம்பழ மரம் நிற்கும் வளவுக்காரருக்கு வேறு எதுவுமே தேவையில்லை, ஒரு நாளைக்கு ஏழெட்டு வகை அந்த ஒரு மரத்துக்கே வந்து போகும்.

குரல் கேட்கிறது, ஆள் யாரென்று தெரியவில்லை என்றால் போனில் மேர்லின் என்ற செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்துப் பறவை ஆய்வகம் செய்தது, இலவசம், சத்தத்தைக் கேட்டுப் பெயர் சொல்லும். சில வேளை தப்பாகவும் சொல்லும், ஆகவே ஆளைக் கண்ணால் பார்த்து உறுதிப்படுத்துங்கள். அதில் இருக்கும் குரல் பதிவை ஸ்பீக்கரில் போட்டுக் குருவியைக் கூப்பிடும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். தன் இடத்துக்கு வேறொருவன் வந்துவிட்டான் என்று நினைத்து அது தீனியையும் கூட்டையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு அலையும்.

வெளிச்சம்

எங்கள் பக்கத்துப் பெயர்களிலேயே இதற்கு விடை இருக்கிறது. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடல் பக்கம் எழுவான்கரை, மேற்கே வயல் பக்கம் படுவான்கரை. காலையில் படம் எடுப்பதென்றால் உங்கள் முதுகு எழுவான் பக்கம், பின்னேரம் என்றால் முதுகு படுவான் பக்கம். சூரியன் உங்கள் தோளுக்கு மேலால் போய்க் குருவியின் முகத்தில் விழ வேண்டும். இதை மறந்தால் எவ்வளவு விலையான கமராவாக இருந்தாலும் மஞ்சள் குருவி கறுப்பாகத்தான் வரும்.

நாங்கள் இருப்பது பூமத்திய கோட்டுக்கு வடக்கே எட்டுப் பாகைக்கும் குறைவான இடத்தில். சூரியன் மளமளவென்று ஏறிவிடும். ஆறு மணியை ஒட்டி உதித்தால் எட்டரைக்கெல்லாம் நல்ல வெளிச்சம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பின்னேரம் நாலு மணிக்குப் பிறகுதான். சித்திரை மாதம் மத்தியானத்தில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும், அந்த வெயிலில் குருவியின் முதுகு வெளிறும், கண் இருந்த இடத்தில் ஒரு நிழல்தான் இருக்கும். போதாக்குறைக்குத் தகரக் கூரைக்கு மேலால் எழும்பும் அனல் படத்தைக் கலக்கிவிடும், நீங்கள் லென்ஸைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். இன்னொன்று: மார்கழியில் சூரியன் தென்கிழக்கால் ஏறும், ஆனியில் வடகிழக்கால். ஆகவே தை மாதத்தில் அருமையாக இருந்த கொப்பு ஆடியில் நிழலுக்குள் போயிருக்கும், திகைக்காமல் கொப்பை நகர்த்துங்கள்.

மாரி மாதத்து மூடின வானத்தை வெறுக்க வேண்டாம். மழை விட்ட அரை மணி நேரம், இலையெல்லாம் கழுவி, வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாக விழும்போது, பச்சையும் மஞ்சளும் வெயிலில் வராத ஆழத்தில் வரும். ஷட்டர் வேகம் குறையும், ஐஎஸ்ஓ (கமரா வெளிச்சத்தை உணரும் அளவு) ஏறும், ஏறட்டும்.

கொப்பும் பின்புறமும்

விரல் பருமனில், கொஞ்சம் வளைந்த, பட்டை உரியாத காய்ந்த கொப்பு ஒன்றை எடுங்கள். பூவரசு நல்லது, கொய்யாவும் நல்லது. அதிகம் கிளை வைத்த கொப்பு வேண்டாம், குருவி எந்தக் கிளையில் இருக்கும் என்று நமக்கும் தெரியாது கமராவுக்கும் தெரியாது. குருவி ஏற்கெனவே வந்து போகிற தடியோடு, அல்லது தண்ணீர்ச் சட்டிக்கு ஒரு மீற்றர் தள்ளி, உங்கள் கண் மட்டத்துக்குக் கட்டுங்கள். நிலத்தில் உட்கார்ந்து எடுப்பதென்றால் கொப்பும் அதற்கேற்பக் கீழே வர வேண்டும். மேலே அண்ணாந்து எடுத்த வயிற்றுப் படங்கள் என்னிடம் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன, ஒன்றையும் யாருக்கும் காட்டினதில்லை.

பின்புறம்தான் பெரிய சோலி. நமது வளவுகளில் நீலப் பரல், சிவப்பு வாளி, தகர வேலி, காயும் பெட்சீற், ஓட்டோவின் பின்பக்கம் எல்லாம் சரியாகக் குருவியின் தலைக்குப் பின்னால் வந்து நிற்கும். கொப்புக்கும் பின்னால் இருப்பதற்கும் இடையில் குறைந்தது நாலைந்து மீற்றர் இடைவெளி விடுங்கள், அப்போது வாழைத் தோட்டமும் மாமர நிழலும் ஒரே பச்சைக் கரைசலாகிவிடும். இடமில்லாத சின்ன வளவா? நான் ஒரு காலத்தில் அம்மாவின் பழைய பச்சை நூல் சேலை ஒன்றைக் கொப்புக்கு மூன்று மீற்றர் பின்னால் கொடியில் விரித்துவிட்டேன். கீழ்க் கரையில் இரண்டு செங்கல் பாரம் வைக்காவிட்டால் காற்றுக்கு ஆடிக் குருவியை விரட்டும். படத்தைப் பார்த்தவர் ஒருவர் "எந்தக் காட்டில் எடுத்தது" என்று கேட்டார். சேலையின் கரைப் பக்கம் படத்துக்குள் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பொன்னிறச் சரிகையோடு காடு கிடையாது.

தண்ணீர்தான் தூண்டில்

வைகாசியில் இருந்து ஆவணி வரை மேற்கால் அடிக்கிற கச்சான் காற்று நிலத்தைக் காயப்போட்டுவிடும் (கடலைக்கும் நாங்கள் கச்சான் என்றுதான் சொல்கிறோம், இது அந்தக் கச்சான் இல்லை). அந்த மாதங்களில் ஒரு சட்டித் தண்ணீர் ஒரு மூடை நெல்லை விடக் கூடக் குருவி கூட்டும். அகலமான மண்சட்டி, உள்ளே மூன்று நாலு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மேல் தண்ணீர் வேண்டாம், நடுவில் ஒரு தட்டையான கல். இடுப்பு உயரத்தில், பூனை பதுங்க முடியாத வெளியில், ஆனால் குருவி பாய்ந்து ஒளிக்க ஒரு பற்றை இரண்டு மீற்றருக்குள் இருக்கிற மாதிரி வையுங்கள்.

இதற்கு மேல் ஒரு வித்தை இருக்கிறது. ஒரு லீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் அடியில் ஊசியால் ஒரே ஒரு துளை போட்டு, மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, சட்டிக்கு மேலே ஒரு முழ உயரத்தில் தொங்கவிடுங்கள். சொட்டு... சொட்டு... சொட்டு. அந்தச் சத்தத்துக்கும் சட்டியில் எழும் வளையத்துக்கும் வராத குருவியே இல்லை. முதலில் புலுனிக் கூட்டம் ஏழெட்டாக வந்து கச்சேரி வைத்துக் குளிக்கும், அவை போன பிறகுதான் மற்றவை பயம் தெளிந்து வரும். மூடியை இறுக்கினால் சொட்டு நின்றுவிடும், முழுக்கத் திறந்தால் ஓட்டமாக ஓடும். அரைச் சுற்றுத் திறந்தால் சரி.

தண்ணீரை ஒவ்வொரு நாளும் மாற்றிச் சட்டியைத் தேங்காய்ப் பொச்சால் உரஞ்சிக் கழுவ வேண்டும். நுளம்பு முட்டை சட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கும், தண்ணீரை ஊற்றினால் மட்டும் போகாது. முட்டை நுளம்பாக ஒரு வாரம் பத்து நாள் போதும். மாரியில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வளவு பார்க்க வந்தபோது எங்கள் சட்டியைத்தான் முதலில் குனிந்து பார்த்தார். அன்று காலைதான் கழுவியிருந்தேன், தப்பினேன்.

சாப்பாடு வைப்பதென்றால் பழுத்த பப்பாசிப் பாதி, கதலி வாழைப்பழம், ஒரு பிடி நெல். சோறு, பாண் வைத்தால் காகம்தான் வரும், காகம் வந்தால் மற்றது வராது. தேன்சிட்டுக்குச் சீனித் தண்ணீர், கலர்த் தண்ணீர் ஒன்றும் வேண்டாம். இரண்டு செவ்வரத்தையும் ஒரு வெட்சியும் நட்டால் வருசம் முழுக்கச் சாப்பாடு. பழத்தைக் கொப்புக்குப் பின்பக்கமாக, கமராவுக்குத் தெரியாமல் ஆணியில் குத்தி வையுங்கள். குருவி பழத்துக்குப் போகுமுன் கொப்பில் ஒரு நொடி நின்று நாலு பக்கம் பார்க்கும், அந்த நொடிதான் உங்களுடையது.

எங்கே உட்காருவது

வீடே நல்ல மறைவு. குசினி யன்னலின் ஒரு கதவைத் திறந்து, உள்ளே லைற்றை நிறுத்திவிட்டு, லென்ஸ் நுனி வெளியே நீட்டாமல் உள்ளுக்குள் இருந்து எடுங்கள். கண்ணாடிக்கும் நுளம்பு வலைக்கும் ஊடாக எடுத்தால் தெளிவு போய்விடும். வளவுக்குள் ஓட்டோ நிற்கிறதா, பின் சீற்றில் ஏறி இருங்கள், ஒரு பக்கம் ரெக்சின் மறைப்பை இறக்கிவிட்டால் முடிந்தது. மனிதன் நடந்து வந்தால் பறக்கிற குருவி ஓட்டோவைக் கணக்கெடுக்காது. இரண்டும் இல்லையென்றால் நாலு கம்பு, இரண்டு கிடுகு, ஒரு உரச்சாக்கு.

கமராவைத் தாங்க முக்காலி வேண்டியதில்லை. பழைய ஜீன்ஸ் காலொன்றை வெட்டி, ஒரு பக்கம் தைத்து, முக்கால் பங்குக்கு நெல் நிரப்பி, மற்றப் பக்கத்தையும் தைத்துவிடுங்கள். யன்னல் கட்டையில் போட்டால் லென்ஸ் அதற்குள் பதிந்து அசையாமல் இருக்கும். எலி கடிக்காத இடத்தில் வைக்க வேண்டும், அது மட்டும்தான் கரைச்சல்.

இப்போது முக்கியமான ஒன்று. நமது ஊரில் வேலிக்கு அந்தப் பக்கம் பெரும்பாலும் இன்னொரு வீட்டுக் கிணற்றடி. 300 மில்லிமீற்றர் லென்ஸை வேலிப் பக்கம் நீட்டிக்கொண்டு காலை ஆறரைக்கு இருக்கும் ஆளைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்று யோசியுங்கள். எனக்கு நடந்தது. "தம்பி, என்ன அங்க கிடந்து வேலியப் பார்த்துப் படம் புடிக்கிறா?" என்று பக்கத்து மாமி கேட்ட கேள்வியில் சிரிப்பு இல்லை. அன்று பின்னேரமே கமராவை எடுத்துக்கொண்டு போய், எடுத்த படங்களை முழுக்கக் காட்டி, கொப்பை எங்கள் வீட்டுச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கட்டினேன். மறுகா மாமியே "உன்ட மஞ்சள் குருவி எங்கட முருங்கையில நிக்குது, கெதியா வா" என்று கூப்பிடத் தொடங்கினார். அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே முதலில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

கமராவில் என்ன வைப்பது

உங்களிடம் இருப்பது சாதாரண டிஎஸ்எல்ஆர், 70-300 லென்ஸ் என்று வைத்துக்கொள்கிறேன். பத்து சென்ரிமீற்றர் நீளத் தேன்சிட்டு நாலு மீற்றர் தூரத்தில் படத்தின் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரும், பத்து மீற்றரில் ஏழில் ஒரு பங்குதான். ஆகவே லென்ஸுக்குக் காசு சேர்க்க முதல் கதிரையை ஆறு மீற்றர் முன்னுக்கு நகர்த்துங்கள். அந்த நாலு மீற்றர் தூரத்தில் லென்ஸின் துவாரத்தை எஃப் 5.6இல் வைத்தால் தெளிவாக விழும் ஆழம் நாலு சென்ரிமீற்றர் அளவுதான். கண்ணில் போக்கஸ் விழுந்தால் வால் மங்கினாலும் படம் படம். வாலில் விழுந்து கண் மங்கினால் அழியுங்கள். போக்கஸ் புள்ளி ஒன்றை மட்டும் வைத்து அதைக் கண்ணில் நிறுத்துங்கள், கமராவே புள்ளி தெரிவு செய்ய விட்டால் அது கிட்ட இருக்கிற இலையைத்தான் பிடிக்கும். புதிய கமராக்களில் பறவைக் கண்ணைத் தானே பிடிக்கும் வசதி இருக்கிறது, இருந்தால் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

வேகம்: கொப்பில் இருக்கும் குருவிக்கு 1/500, துள்ளிக்கொண்டு திரியும் தேன்சிட்டுக்கு 1/1000, குளிக்கும்போது தெறிக்கும் தண்ணீர் முத்தாக நிற்க 1/2000. ஐஎஸ்ஓவைக் கமராவே தெரிவு செய்ய விட்டு மேல் எல்லை 3200 என்று வையுங்கள். கொஞ்சம் மணல் விழுந்த மாதிரிப் படம் வந்தாலும் பரவாயில்லை, ஆடின படத்தை எந்த மென்பொருளும் திருத்தாது. ரோ கோப்பாக (கமரா சுருக்காத மூலக் கோப்பு) எடுங்கள், மெமரிகாட் கெதியில் நிறையும், நிறையட்டும்.

பெரிய கமரா இல்லையா? நிக்கோன் பீ900 மாதிரி நீள சூம் வைத்த கமரா ஒன்று இரண்டாங்கையாகக் கிடைத்தால் வளவுக்குத் தாராளம், வெளிச்சம் குறைந்த நேரத்தில்தான் தடுமாறும். போன் மட்டும்தான் என்றாலும் வழி இருக்கிறது: சட்டிக்கு ஒரு அடி தூரத்தில் இரண்டு செங்கல்லுக்கு நடுவே போனைச் செருகி, 4கே வீடியோவில் ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுங்கள். அரை மணி கழித்து வந்து பார்த்து நல்ல கணத்தை நிறுத்திப் படமாக எடுக்கலாம், ஒவ்வொன்றும் எட்டு மெகாபிக்சல் அளவு வரும், அஞ்சலட்டை அளவில் அச்சடிக்கக் காணும். முதல் நாள் காகம் போனைக் கொத்திப் பார்க்கும். அதையும் வீடியோவில் பார்ப்பீர்கள்.

ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குணம்

தேன்சிட்டில் தொடங்குவோம். ஊதாப்பிட்டத் தேன்சிட்டு ஆணின் வயிறு மஞ்சள், தலையில் பச்சை, தொண்டையில் ஊதா. மஞ்சள் எப்போதும் தெரியும், பச்சையும் ஊதாவும் தெரியாது. ஏனென்றால் அவை சாயம் இல்லை, இறகின் நுண்ணிய அமைப்பில் வெளிச்சம் பட்டுத் தெறிப்பதால் வரும் நிறம். சவர்க்கார நுரையில் நிறம் ஓடுமே, அந்த மாதிரி. கோணம் சரியில்லாவிட்டால் வெறும் கறுப்பு. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து, குருவி தலையை உங்கள் பக்கம் திருப்பும் அந்தக் கணத்தில் தலை பச்சை நெருப்பு மாதிரி எரிந்து அணையும். ஆகவே ஒவ்வொரு படமாக அழுத்தாமல் பொத்தானைப் பிடித்துக்கொண்டு எட்டுப் பத்து எடுங்கள், ஒன்றில் எரியும். வாழைப்பொத்திதான் இதற்குத் தோதான இடம், மடல் விரிந்து பூ வெளியே வந்த பொத்தியாகப் பாருங்கள், குருவி தலைகீழாகத் தொங்கித் தேன் குடிக்கும். முழுக்கக் கருநீலமாக வரும் ஊதாத் தேன்சிட்டு வேறு. அதன் ஆண் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் பெண்ணைப் போல உடை மாற்றிக்கொண்டு தொண்டையில் ஒரு கறுப்புக் கோட்டோடு மட்டும் திரியும், புதுக் குருவி கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ள வேண்டாம். நான் துள்ளினேன்.

மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்துத் தேன்சிட்டும் குண்டுகரிச்சானும் மணிக்கணக்காகக் கொத்திச் சண்டை பிடிக்கும். நல்ல படம்தான், இரண்டு நிமிடம் எடுத்துவிட்டுக் கண்ணாடிக்கு ஒரு சொப்பிங் பையை மாட்டிவிடுங்கள், பாவம், அது சாப்பாடில்லாமல் நிற்கும்.

மாங்குயில், அந்தக் கருந்தலை மஞ்சள் குருவி, சத்தத்தால் முன்னே வந்து உடலால் பின்னே நிற்கும் ஆள். உயரத்திலேயே இருக்கும். வீட்டுக்கு மேல்மாடியோ மொட்டை மாடியோ இருந்தால் அங்கே போங்கள், மரத்தின் தலை உங்கள் கண் மட்டத்துக்கு வரும். அதன் மஞ்சள் கமராவை ஏமாற்றும்: வெயிலில் எடுத்தால் இறகு வரி ஒன்றுமே தெரியாமல் மஞ்சள் பூசின தகடாகிவிடும். வெளிச்ச அளவை மூன்றில் இரண்டு படி குறைத்து எடுங்கள், செந்நிறக் கண்ணும் இளஞ்சிவப்பு அலகும் அப்போதுதான் பிரிந்து தெரியும். குண்டுகரிச்சானுக்கும் இதே கதை, அங்கே வெள்ளைப் பட்டைதான் வெந்து போவது. வெள்ளையைக் காப்பாற்றுங்கள், கறுப்பைப் பிறகு கணினியில் கொஞ்சம் தூக்கலாம். வெந்த வெள்ளையைத் திரும்ப எடுக்க முடியாது.

மாம்பழச்சிட்டு, மஞ்சளும் பச்சையும், நீள விசில் ஒன்று அடித்து இறக்கும் குரல். முருங்கையில் புழு பார்த்துத் திரியும், ஓர் இடத்தில் நில்லாது. அதற்குக் கொப்புக் கட்டிப் பயனில்லை, முருங்கை இலை ஐதாக உள்ள பக்கம் பார்த்து இருந்து, வரும்போது எடுக்க வேண்டியதுதான். கொண்டைக்குருவி சுலபம், பழகுநருக்கு நல்ல ஆசிரியர். முதல் மாதம் அதையே எடுங்கள், வாலடிச் சிவப்பு தெரிகிற மாதிரி அது திரும்பும்வரை பொறுங்கள்.

பெரும்போக அறுவடை முடிந்து வளவில் நெல் காயப்போடும் நாட்களில் தினைக்குருவிகள் பாய்க்கு வரும். பாயின் ஓரத்தில் படுத்து, லென்ஸைப் பாய் மட்டத்துக்கு இறக்குங்கள். காயும் நெல் மஞ்சள் கடலாக முன்னும் பின்னும் மங்கி, நடுவில் ஒரு குருவி வாயில் ஒரு நெல்லோடு நிற்கும். கோழி கலைக்கிற வேலையும் உங்கள் தலையில்தான், வீட்டில் அதற்கே உங்களைப் பாய்க்குப் பக்கத்தில் விட்டிருப்பார்கள்.

கடைசியாக ஆறுமணிக்குருவி. ஐப்பசி தொடக்கம் சித்திரை வரை இந்தியாவிலிருந்து வந்து தங்கும் விருந்தாளி. பச்சை முதுகு, நீலத் தோள், கண்ணில் கறுப்புப் பட்டை, வயிற்றடியில் குங்குமச் சிவப்பு. அறிவியல்படி பாடும் பறவைகளின் கூட்டத்தில் அதற்கு இடம் இல்லை, ஆனால் விடியலிலும் கருகலிலும் ஆறு மணியை ஒட்டி அடிக்கிற இரட்டை விசிலைக் கேட்டவர் அதை ஏற்க மாட்டார். வளவில் எங்கே சருகு கூட்டாமல் கிடக்கிறதோ அங்கேதான் வரும், சருகைக் கிளறிப் புழு தின்னும். ஆகவே வேலி மூலையில் மாவிலைச் சருகை ஐப்பசி பிறக்கும்போதே கூட்டாமல் விடுங்கள். வீட்டில் ஏச்சு விழும், "படத்துக்கு" என்று சொல்லுங்கள். வெளிச்சம் மிகக் குறைவு, 1/160 வரை இறக்க வேண்டும், நெல் பையை நிலத்தில் போட்டு நீங்களும் நிலத்தில் படுக்க வேண்டும். அது இரண்டு துள்ளு துள்ளிச் சிலையாக நிற்கும், அந்த நிற்பில் எடுங்கள். பிளாஷ் அடிக்காதீர்கள்.

வந்து இறங்கும் நாட்களில் களைத்துப்போய் யன்னல் கண்ணாடியில் மோதி விழும். கண்டால் காற்றுத் துளை போட்ட கடதாசிப் பெட்டிக்குள் வைத்து மூடி, இருட்டான அமைதியான இடத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தெளிந்ததும் பூனை இல்லாத பக்கம் திறந்து விடுங்கள். பெட்டிக்குள் வைத்துப் படம் எடுக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். சொல்ல ஒன்றும் இல்லை.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு விருந்தாளி அரசவால் ஈப்பிடிப்பான். நீள வால் வெள்ளையாக இருந்தால் அது இந்தியாவிலிருந்து வந்த வளர்ந்த ஆண், இங்கேயே பிறந்து வளரும் இனத்தின் ஆண் எப்போதும் செங்காவி நிறம்தான். பின்னேரம் தண்ணீருக்கு மேலால் பாய்ந்து பாய்ந்து குளிக்கும், சட்டியைத் தயாராக வைத்திருங்கள்.

கூடு

தேன்சிட்டு சிலந்தி வலையும் சருகும் கொண்டு பை மாதிரிக் கூட்டைத் துணிக்கொடியில்கூடத் தொங்கவிடும், வாசலுக்கு ஒரு அடி தூரத்தில். ஆசையாகத்தான் இருக்கும். கூட்டுப் படம் எடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. இலையைக் கொஞ்சம் ஒதுக்கினால் வெளிச்சம் வரும்தான், அதே வழியால் காகமும் செண்பகமும் வரும். தாய் வாயில் புழுவோடு எங்கேயாவது நின்று உங்களையே பார்த்துக் கத்துகிறதென்றால் நீங்கள் கூட்டுக்குக் கிட்ட நிற்கிறீர்கள், எழும்பிப் போங்கள். குஞ்சு எடுத்து வளர்ப்பது, பிடித்துக் கூண்டில் அடைப்பது எல்லாம் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குள் வரும் விசயங்கள்.

வீட்டுக்குள் வந்த பிறகு

படத்தை வெட்டலாம், பாதிக்கு மேல் வெட்டினால் தெளிவு போகும். மென்பொருளில் நிறத்தை ஏற்றும் கோலைத் தொடாதீர்கள், தேன்சிட்டுக்கு மேக்கப் தேவையில்லை. நிழலைக் கொஞ்சம் தூக்கி, கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான். நூறு எடுத்தால் மூன்று தேறும். அதற்கே சந்தோசப்படுங்கள்.

கடல் காற்றும் வாவி ஈரமும் லென்ஸுக்கு எமன். ஒவ்வொரு நாளும் உலர்ந்த பருத்தித் துணியால் கமராவின் உடலைத் துடைத்து, காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். மாரியில் மாதம் இரு தரம் அந்த ஜெல் பைகளை வெயிலில் அல்லது சட்டியில் இளஞ்சூட்டில் காய வைத்து எடுங்கள். அரிசிப் பானைக்குள் வைக்கச் சொல்லும் புத்திமதியைக் கேட்காதீர்கள், அரிசித் தூசு லென்ஸ் மோட்டாருக்குள் போனால் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும். என் முதல் லென்ஸை அலுமாரிக்குள் துணியோடு வைத்து ஒரே மாரியில் பூஞ்சணம் பிடிக்க விட்டவன் நான்.

திருவிழாவுக்கோ கலியாண வீட்டுக்கோ நாலு நாள் வெளியூர் போகிறீர்களென்றால் சொட்டுப் போத்தலைக் கழற்றி, சட்டியைத் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றினால் அன்று பின்னேரமே புலுனிகள் சத்தம் போட்டுக்கொண்டு வந்துவிடும்.